குமரி வரை ஒரே உடை

“வலியை வெல்வது எப்படி அம்மா?” என்று உலகநாதன் ஐயா கேட்டார்.

“டவுசருக்குள்ள போட்டிருக்கிற ஜட்டியைக் கழட்டிருங்க” என்றார் நாச்சியார் அம்மா.

சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் ஆறு பேரும் தரையைப் பார்த்தோம். ஐயாவின் காது சிவந்துவிட்டது. அவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. அம்மாவுக்கு நாற்பத்து மூன்று. குரு சின்னவர், சீடர் பெரியவர் என்பது எங்கள் குடிலில் யாருக்கும் வினோதமாகப் பட்டதில்லை. இந்த மாதிரி பதில் வரும்போது மட்டும் ஐயாவுக்குத் தன் வயது ஞாபகம் வந்துவிடும்.

“சைக்கிள் ஓட்ட மெத்துன்னு பேட் வச்சுத் தச்ச டவுசர் தோலோட ஒட்டி இருக்கணும். நடுவுல இன்னொரு துணி போட்டா அதுல ஒரு தையல் இருக்கும். அந்தத் தையல் மேலதான் நாள் முழுக்க உக்காந்திருப்பீங்க. அறுக்காம என்ன செய்யும்?”

“நான் அந்த வலியைக் கேட்கவில்லை அம்மா. பொதுவாக வலி என்ற ஒன்றை...”

“பொதுவா வலிக்காது ஐயா. ஒரு எடத்துலதான் வலிக்கும்.”

ஐயா மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தப் பதிலுக்குள் வேறு ஏதோ பெரிய பதில் ஒளிந்திருக்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. படித்தவர்களிடம் இது ஒரு தொல்லை. சொன்னதைக் கேட்க மாட்டார்கள், சொல்லாததைக் கேட்டுவிட்டு வருவார்கள்.

எங்கள் குடில் மணமேல்குடிக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் இருக்கிறது. சாமி படம் இல்லை, காவி இல்லை. ஒரு தகரக் கொட்டகை, பத்துப் பன்னிரண்டு சைக்கிள், ஒரு கொடிக்கயிறு. மனசு சரியில்லை என்று வருகிறவர்களை அம்மா சைக்கிளில் ஏற்றிவிடுவார். ஓட்டிவிட்டு வந்து பேசுங்கள் என்பார். ஓட்டிவிட்டு வந்தால் பாதிப் பேருக்குப் பேச ஒன்றும் இருக்காது. நான் அப்படி வந்தவன்தான். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கிறேன். குடிலில் எல்லோருக்கும் பேட் வைத்த டவுசர் தைத்துக் கொடுப்பது என் வேலை. பெண்கள் அதன்மேல் சுடிதார் பேன்ட் போட்டுக்கொள்வார்கள்.

அந்த டவுசர்களைத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, பேட்டில் வெயில் படுகிற மாதிரி வாசலில் காயப்போடுவது அம்மாவின் வழக்கம். குடிலுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வரிசையாகத் தொங்கும் கறுப்பு டவுசர்களைத்தான்.

ஐயாவுக்கு அது பொறுக்கவில்லை. போன வருடம் கொடிக்கயிற்றைக் கொட்டகைக்குப் பின்பக்கம் மாற்றிக் கட்டிவிட்டார்.

“பின்னாடி வெயில் வருமா?” என்று மட்டும் அம்மா கேட்டார்.

“வரும் அம்மா.”

“அப்பச் சரி.”

ஒவ்வொரு தை மாதமும் குடிலிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் போவோம். நான்கு நாள், முந்நூற்றைம்பது கிலோமீட்டர். எப்போதும் அம்மாதான் கூட்டிப் போவார். இந்த வருடம் அவருக்குக் கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. அதனால் ஐயாவிடம் பொறுப்பைக் கொடுத்தார். கூடவே ஒரு துணிப்பையும் கொடுத்தார்.

பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆளுக்கு இரண்டு வீதம் மாற்று டவுசர்கள். அத்தனையும் நான் தைத்தவை. நான்கு சோப்பு, ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய்.

“சாயங்காலம் எறங்கின ஒடனே கழட்டிரணும். டீ அப்புறம், பேச்சு அப்புறம். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் தொடச்சு, காஞ்சதை மாத்திக்கிடணும். வேர்வை ஊறின துணியோட உக்காந்திருந்தா சூட்டுக்கட்டி வரும். காலையில கெளம்பும்போது எண்ணெய் தடவிக்கங்க. கால் மணிக்கு ஒருக்க சீட்டை விட்டு எந்திரிச்சு, பத்து எண்ற வரைக்கும் நின்னு மிதிங்க. அப்புறம் ஐயா, செங்கமலத்துக்குச் சீட்டை ரெண்டு விரக்கடை எறக்கிருங்க. பெடல் எட்டாம இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுது. ஆடினா உரசும்.”

ஐயா அந்தப் பையைப் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மா கைக்கட்டைக் காட்டப் புதுக்கோட்டைக்குப் போய்விட்டார். நாங்கள் கிளம்பத் தயாராக வந்தபோது கொட்டகைக் கரும்பலகையில் ஐயா எழுதி வைத்திருந்தார். அச்சடித்த மாதிரி எழுத்து.

ஓருடை நோன்பு. குமரிக் கடலில் இறங்கும்வரை உடுத்திய உடையைக் களையலாகாது. உடல் வலியைப் பற்றிப் பேசலாகாது. கைப்பேசி எடுத்துவரலாகாது.

“எட்டு வருடமாக அம்மா நம்மேல் இரக்கப்பட்டார்” என்றார் ஐயா. “தினம் மாற்று, தினம் துவை என்று நமக்காக எளிமையாக்கிக் கொடுத்தார். அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி வேறு. நான் கண்ணால் பார்த்தவன்.”

அந்தக் கதை எங்களுக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்பு ஐயா பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவாகக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போயிருந்தார். அப்போது ஒரு பெண் தன்னந்தனியாக சைக்கிளில் வந்து கடற்கரையில் இறங்கினாள். சீட்டில் ரத்தக்கறை. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். சொன்னாள். எத்தனை நாள் என்று கேட்டார். நாலு என்றாள். வழியில் உடைகூட மாற்றவில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். சொல்லிவிட்டு அப்படியே கடலில் போய் இறங்கினாள். திரும்பி வந்தபோது பிள்ளைகள் எல்லாரும் பார்க்க ஐயா அவள் காலில் விழுந்தார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமைதான் தன்னைச் சீடனாக்கியது என்று ஐயா அடிக்கடி சொல்வார்.

“இந்தத் தடவை அவர் போன வழியில் நாமும் போவோம்” என்றார் ஐயா.

“அப்ப அந்தப் பை?” என்று கேட்டது செங்கமலம்.

“பை ஒரு சோதனை. குரு கையில் கொடுத்துவிட்டு, நாம் எடுக்கிறோமா என்று பார்க்கிறார்.”

கையில் கொடுத்ததை வாங்கிக்கொள்வது எப்படித் தோல்வியாகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மூன்று தடவை அம்மாவோடு குமரி போய் வந்தவன் நான். தையல் எங்கே உரசும், எங்கே உரசாது என்று தெரிந்தவன். அந்த பேட்டுக்கு நடுவில் தையல் வராமல் ஓரத்துக்குத் தள்ளத் தெரிந்தவன். கேட்கவில்லை. மற்றவர்கள் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். இதை எழுதும்போதும் என் தலைமேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஐயா பையைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொடிக்கயிறு கட்டிய கம்பில் மாட்டினார். செங்கமலம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

செங்கமலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருவாடு விற்பவள். வயது முப்பத்தாறு. காலையில் கூடையை சைக்கிளுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆறு ஊர் சுற்றி வந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். பதினாலு வருடமாக அந்த ஆறு ஊரைத் தவிர வேறு எங்கும் அவள் ஓட்டியதில்லை. “மூணு கடலு சேர்ற எடத்த ஒருக்கப் பாத்துட்டு வந்துர்றேன்” என்று மாமியாரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய சைக்கிள் கூடை சுமந்தே தேய்ந்துபோனது. அதனால் குடில் சைக்கிள் ஒன்றை எடுத்திருந்தாள். அதன் சீட்டை யாரும் இறக்கவில்லை.

முதல் நாள் தேவிபட்டினம். வெயில் சுள்ளென்று அடித்தது. சட்டை முதுகில் உப்புப் பூத்தது. முதுகில் பூத்தது கண்ணுக்குத் தெரிந்தது. உட்காரும் இடத்தில் பூத்தது உட்கார்ந்தவனுக்குத்தான் தெரிந்தது. அன்று சத்திரத்தில் எல்லோரும் குப்புறப் படுத்தோம். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டாம் நாள் சாயல்குடி தாண்டி வேம்பார். இறங்கி நடந்தபோது ஏழு பேரும் காலை அகட்டி அகட்டி நடந்தோம். டீக்கடைக்காரர் ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எல்லாரும் ஒரே ஆஸ்பத்திரியில இருந்து வாரீகளா?” என்று கேட்டார். ஐயா அவருக்கு நோன்பைப் பற்றி விளக்கினார். அவர் டீ ஆற்றப் போய்விட்டார்.

செங்கமலம் மட்டும் நின்றுகொண்டே டீ குடித்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

“உக்காரும்மா” என்றேன்.

“இருக்கட்டுண்ணே” என்றாள். உதடு வெளுத்திருந்தது. எனக்குப் புரிந்தது. புரிந்தும் இரண்டாவது விதி ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். ஒருத்தி வலியில் நிற்கிறாள், நான் ஒரு கரும்பலகைக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

மூன்றாம் நாள் அவள் சீட்டில் உட்காரவே இல்லை. காலையிலிருந்து நின்றே மிதித்தாள். தூத்துக்குடி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தியபோது ஐயா எங்களையெல்லாம் கூப்பிட்டார்.

“பாருங்கள். நாம் எல்லோரும் இன்னும் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பெண் இருக்கையையே துறந்துவிட்டாள். எழுத்து வாசனை இல்லாதவள் நமக்கெல்லாம் பாடம் நடத்துகிறாள். கைதட்டுங்கள்.”

கைதட்டினோம். நானும் தட்டினேன். செங்கமலம் சைக்கிளின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது வெயிலால் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அதே நாள் காலை, நாச்சியார் அம்மா ஒற்றைக் கையால் துவைக்க முடியாமல் இரண்டு நாளாகச் சேர்த்து வைத்த துணியை ஒருவழியாக அலசி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போயிருக்கிறார். கம்பில் பை தொங்கியது. கொடிக்கயிறு வாசலிலேயே இருந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்பார். நாங்கள் கிளம்பியதிலிருந்து பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறந்து கரும்பலகையைப் படித்தார். துணியைக் காயப்போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்களைக் கூப்பிட ஒரு போன் இல்லை. மூன்றாவது விதி.

இரண்டு பஸ் மாறி மூன்றரை மணிக்கு ஆறுமுகநேரிப் பக்கம் எங்களைப் பிடித்தார். உப்பளம் இரண்டு பக்கமும் தட்டையாகக் கிடக்கிற இடம் அது. மருந்துக்குக்கூட மேடு கிடையாது. அந்த ரோட்டில் ஒருத்தி நின்றுகொண்டே மிதித்துப் போவதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பஸ் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. அம்மா இறங்கி நடுரோட்டில் வந்து கையை நீட்டினார்.

“செங்கமலம், எறங்கு.”

அவளால் கம்பியைத் தாண்டிக் காலைத் தூக்க முடியவில்லை. நான் ஓடிப்போய் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தேன். அம்மா ஒற்றைக் கையால் அவளை அணைத்து வெளியே எடுத்தார். தொட்டதுமே, “காய்ச்சல் அடிக்குது” என்றார்.

“ஒண்ணுமில்லம்மா. நாளைக்குக் கடலு வந்துரும்ல. போயிர்றேன்.”

பக்கத்தில் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வீடு ஒன்று இருந்தது. வாசலில் நின்ற பெண்ணிடம் அம்மா ஏதோ சொல்லி செங்கமலத்தை உள்ளே கூட்டிப்போனார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாங்கள் வெளியே நின்றோம். ஐயா எங்களிடம், “குரு நேரில் வந்து ஆசி தருகிறார்” என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

கதவு திறந்தது. அம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

“ஆட்டோ” என்றார்.

திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கட்டி பழுத்து, சீழ் வைத்து, உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கீறி எடுத்தார்கள். அவள் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. மூன்று நாளாக ஒரு முனகல்கூட விடாதவள்.

டாக்டர் வெளியே வந்து, “மூணு வாரத்துக்கு சைக்கிள் பக்கமே போகக் கூடாது. இன்னும் ஒரு நாள் இதோட ஓட்டியிருந்தா நான் இங்க வச்சுப் பாத்திருக்க மாட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்” என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். “கூட இத்தனை பேர் வந்தீங்களா?”

வந்தோம். இத்தனை பேர் கூட வந்தோம். பாம்பு கடித்திருந்தால் விதி என்று சொல்லலாம். லாரி மோதியிருந்தால் யாரையாவது திட்டலாம். இது ஒரு டவுசரை மாற்றியிருந்தால் வந்திருக்காது. அவள் அளவுக்கு இரண்டு டவுசர், நான் தைத்தவை, அன்று காலை வரை குடிலில் ஒரு கம்பில் தொங்கின.

கட்டுப் போட்டு முடித்ததும் உள்ளே போனோம். செங்கமலம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் அம்மா.

“ஆறு ஊரும் கெடக்கும்மா” என்றாள் அவரிடம். “மூணு வாரம் நான் போகலைன்னா வேற ஆளு பழகிரும். அப்புறம் யாரு எங்கிட்ட வாங்குவாக?”

“அதை நாங்க மாறி மாறிப் போய்ப் பாத்துக்கிறோம்” என்றேன். மூன்று நாளில் நான் பேசிய உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

ஐயா முன்னால் வந்தார். “செங்கமலம், நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா?”

அவள் தலையைத் தூக்கினாள்.

“எங்கன சொல்றது? சொல்லக் கூடாதுன்னு எழுதிப் போட்டது யாரு? அதுலயும் உங்ககிட்டப் போய் இந்த எடத்துல வலிக்குதுன்னு எப்படிச் சொல்வேன்? உக்கார முடியாமத்தான் நான் நின்னேன் ஐயா. நீங்க எல்லாரையும் கைதட்டச் சொன்னீக.”

ஐயா வராந்தாவுக்கு வந்துவிட்டார். அம்மா பின்னாலேயே வந்தார். நான் கதவோரம் நின்றேன்.

“அந்தப் பையை ஏன் விட்டுட்டுப் போனீங்க?”

“சோதனை என்று நினைத்தேன் அம்மா.”

“எனக்கு வேற வேல இல்லையா? கை ஒடஞ்சு கெடக்கறப்ப சோப்பையும் டவுசரையும் எண்ணி வச்சு உங்களைச் சோதிக்கணுமா?” அம்மாவின் குரல் உயர்ந்து நான் அன்றுதான் கேட்டேன். “சீட்டை எறக்கச் சொன்னேனே, அதுவும் சோதனையா? ஒரு ஸ்பேனர் எடுத்து ஒரு திருகு. அதைக்கூடச் செய்யல.”

ஐயாவுக்கும் கோபம் வந்துவிட்டது. அடக்கி வைத்திருந்த தலைமையாசிரியர் வெளியே வந்துவிட்டார்.

“நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை அம்மா! நீங்கள் செய்ததைத்தான் செய்தேன். நான்கு நாள், ஒரே உடை, ரத்தம். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்துத்தானே இத்தனை வருடம் உங்கள் பின்னால் வந்தேன்? நீங்கள் செய்தால் தவம், நாங்கள் செய்தால் தப்பா?”

அம்மா உள்ளே போனார். ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பி வந்தார். அதில் செங்கமலத்தின் டவுசர் இருந்தது. துணிப்பையிலிருந்து ஒரு சோப்பையும் எடுத்து இரண்டையும் ஐயாவிடம் நீட்டினார்.

“தொவச்சுட்டு வாங்க.”

உள்ளேயிருந்து செங்கமலம் பதறினாள். “ஐயோ, ஐயா கையாலயா? வேணாம்மா, நான் வீட்டுக்குப் போய்...”

“அவங்க கையாலதான்” என்றார் அம்மா.

டவுசர் என்ற சொல்லையே வாயால் சொல்லாதவர் ஐயா. கொடிக்கயிற்றைப் பின்னால் ஒளித்தவர். அதை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு குழாய் இருந்தது. ஐயா குந்தி உட்கார முயன்றார். முடியவில்லை. அவருக்கும் அங்கே புண். முட்டி போட்டுக்கொண்டு துணியை உள்பக்கம் திருப்பினார். திருப்பியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேட் முழுக்க ரத்தமும் சீழும் வேர்வையும் காய்ந்து அட்டைபோல விறைத்திருந்தது. நாற்றம் எனக்கே எட்டியது.

சோப்புப் போட்டார். தேய்த்தார். அலசினார். தண்ணீர் தெளியவில்லை. மறுபடியும் சோப்புப் போட்டார். குடம் வைத்துக் காத்திருந்த ஒரு பெண், “கொண்டாங்க, நான் கசக்கித் தாரேன்” என்றாள். ஐயா தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். நான்கு தடவை அலசிய பிறகும் நடுவில் ஒரு கறை போகவில்லை.

வெயில் இன்னும் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வெயில் படுகிற பக்கமாக ஒரு கம்பித் தடுப்பு. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐயா டவுசரை உதறி, உள்பக்கம் வெளியே தெரிய, பேட்டில் வெயில் படும்படி அங்கே காயப்போட்டார்.

பிறகு அம்மாவிடம் வந்தார். கை இன்னும் ஈரமாக இருந்தது.

“அன்று சீட்டில் நான் பார்த்தது இந்தக் கறைதானா அம்மா?”

“இதேதான்.”

“எத்தனை நாளில் ஆறியது?”

“ஒரு மாசம் ஆச்சு. குப்புறக் கெடந்தேன்.”

“நான் உங்கள் காலில் விழுந்தேனே. நீங்கள் ஒன்றும் பேசவில்லையே.”

“வலியில உயிர் போச்சு ஐயா. எந்திரிங்கன்னு சொல்லக்கூடத் தெம்பு இல்ல.”

ஐயா கம்பியில் தொங்குகிற டவுசரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அந்த நாலு நாளும் நீங்கள் ஏன் அம்மா மாற்றவில்லை?”

“மாத்திக்கிட இன்னொண்ணு இல்ல ஐயா” என்றார் நாச்சியார் அம்மா.